கணக்கில் மூன்றேகால் மணி, வழியில் ஒன்றரை நாள்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "போர்ட் பிளேரில் மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு, சென்னைக்குத் திரும்பாமல் நேரே லட்சத்தீவின் அகத்திக்குப் போக நினைக்கிறோம். தூரம் 2,240 கி.மீ., நேரம் மூன்றேகால் மணி என்று இணையத்தில் காட்டுகிறது. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாமா?"

தூரம் சரிதான் அம்மா. நேரம்தான் வெறும் கணக்கு. இந்த மாதிரி தளங்கள் நேர்க்கோட்டுத் தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துச் சொல்லிவிடும். அப்படி ஒரு விமானம் ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை.

ஓடவில்லை. காரணம் அகத்தியின் ஓடுதளம். சுமார் 1,200 மீட்டர்; நம் மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுதளத்தில் மூன்றில் ஒரு பங்கு. தீவின் ஒடுங்கிய முனையில் அது கிடக்கிறது, இறங்கும்போது இரண்டு பக்க ஜன்னலிலும் கடல்தான் தெரியும். வழக்கமான ஜெட் விமானம் அங்கே இறங்க முடியாது, ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த சிறிய விமானம்தான் வரும். அதுவோ ஆள் நிறைய ஏற்றினால் 1,500 கி.மீ. அளவுக்குத்தான் பறக்கும்.

ஆக, உங்கள் வீட்டு மாடிக்குப் பக்கமாகப் போவதுதான் வழக்கமான வழி: போர்ட் பிளேர், சென்னை, கொச்சி, அகத்தி. வேடிக்கை என்னவென்றால், இதில் தூரம் அதிகமாவதே இல்லை. 1,370, 520, 470 என்று கூட்டினால் 2,360 கி.மீ. சுற்று வெறும் 120 கி.மீ.தான். பறக்கும் நேரமும் இரண்டேகால், ஒன்றேகால், ஒன்றரை என்று ஐந்து மணிதான். மிச்சமெல்லாம் காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். சென்னை–கொச்சி தவறினால் அடுத்தது கிடைக்கும். அகத்தி விமானம் தவறினால் பெரும்பாலும் அன்றைக்கு அவ்வளவுதான். அதனால் தாம்பரத்தில் தூங்கிவிட்டு விடியலில் ஓடாதீர்கள். முதல் நாள் மாலையே கொச்சி போய், விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியில் தங்குங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தது. மழையில் முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். பெல்ட்டில் பெட்டி வருவதற்குள் அடுத்ததற்குச் செக்-இன் மூடிவிட்டார்கள். பணமும் திரும்பவில்லை. முடிந்தவரை ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவில் எடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் என்றால் ஒரு சின்ன லாபம்: அந்த மாதங்களில் உயரத்தில் பலமான கீழைக்காற்று அடிக்கும். போர்ட் பிளேரிலிருந்து வரும்போது முதுகில் தள்ளும், சில நிமிடங்கள் முன்னதாகவே இறங்கலாம். ஆனால் அதே மழைக்காலத்தில்தான் அகத்தி விமானம் ரத்தாகும். நான் டிசம்பருக்குப் பிறகு போகச் சொல்வேன்.

இன்னொன்று, அந்தமானுக்கு டிக்கெட் இருந்தால் போதும். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வேண்டும். அது கைக்கு வந்த பிறகு அகத்தி டிக்கெட்டைப் போடுங்கள்.