பித்தநாளக் கல்லை எடுத்தாயிற்று, பித்தப்பையை விட்டுவைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62, சர்க்கரை நோய் உண்டு. மஞ்சள் காமாலையோடு மருத்துவமனையில் சேர்த்தோம். வாய்வழியே குழாய்விட்டுப் பித்தநாளக் கல்லை எடுத்தார்கள். இப்போது வலியே இல்லை. பித்தப்பையையும் எடுக்கவேண்டும் என்கிறார்கள். தீபாவளி முடிந்து பார்த்துக்கொள்ளலாமா? (வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: தள்ளிப்போடாதீர்கள். எடுத்தது, பித்தம் குடலுக்குப் போகும் நாளத்துக்கு இறங்கிவந்த கல். கல் உருவாகும் இடம் பித்தப்பை. அது இருக்கும்வரை இன்னொரு கல் நழுவி நாளத்தை அடைக்கலாம், கணைய அழற்சியையும் கிளப்பலாம். கணைய அழற்சி முற்றினால் உயிருக்கே ஆபத்து. முடிந்தால் இப்போதே, இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்குள் பையை எடுத்துவிடுவது நல்லது. கல்லை மட்டும் பொறுக்கிவிட்டுப் பையை விட்டால் கல் மறுபடி சேரும். நாளத்தில் கல் அடைத்த காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துக் காத்திருப்பதும் வேண்டாம்.

கையோடு ஒன்றைப் பாருங்கள்: டிஸ்சார்ஜ் தாளில் ‘ஸ்டென்ட்’ என்று இருக்கிறதா? கல் முழுவதும் வராதபோது பித்தம் வடிய பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை நாளத்தில் வைப்பதுண்டு. அதைச் சுமார் மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். மறந்தால் அது அடைத்துக்கொண்டு குளிர்காய்ச்சல் வரும்.

அறுவை சிகிச்சை முழு மயக்கத்தில் நடக்கும். வயிற்றுக்குள் கரியமிலவாயு செலுத்தி இடம் உண்டாக்குவார்கள். தொப்புளருகே சுமார் ஒரு சென்டிமீட்டர் துளையில் கேமரா. மேல்வயிற்றிலும் வலப்பக்கத்திலும் வழக்கமாக இன்னும் மூன்று சிறு துளைகள். பையின் கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பையும் சவ்வையும் நீக்கி, பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து கொஞ்சம் பிரித்தெடுப்பார்கள். பைக்குள் போவது இரண்டே இரண்டு, ஒரு குழாயும் ஒரு தமனியும்தான் என்று கண்ணால் உறுதியான பிறகே கிளிப் போட்டு வெட்டுவார்கள். இந்தப் பொறுமைதான் முக்கியம். பெரிய பித்தநாளத்தைப் பையின் குழாய் என்று எண்ணி வெட்டிவிடுவதே இதில் மிக மோசமான விபத்து. அபூர்வம், ஆனால் சீர்செய்வது கடினம். அழற்சி முற்றித் திசுக்கள் ஒட்டிக்கிடந்தால் இந்த இடம் தெளிவாகத் தெரியாது. அப்போது வயிற்றைத் திறப்பதோ, பையின் ஒரு பகுதியை விட்டுவைப்பதோ தோல்வியல்ல, சரியான முடிவு. சீக்கிரம் செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர்க்கரை மாத்திரை பற்றி முன்கூட்டியே கேளுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் வகையை வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பொதுவாக உணவு ஆறு மணி நேரம் முன்பும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்தப்படும். மருத்துவமனை வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

பிறகு ஓரிரு நாள் தோள் வலிக்கும். அது வாயுவால் வருவது, நடந்தால் குறையும். பை போனாலும் கல்லீரல் பித்தம் சுரக்கும், ஆகவே வாழ்நாள் பத்தியம் தேவையில்லை. முதல் சில வாரம் பிரியாணி, பரோட்டா, தேங்காய்ப்பால் குழம்பைக் குறைத்தால் வயிற்றுப்போக்கு தொல்லை குறையும். காய்ச்சல், கண் மஞ்சளாதல், சிறுநீர் கருமையாதல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி: இவற்றில் ஒன்று வந்தாலும் அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள்.

செலவுக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்பீடு உண்டு. அம்மாவின் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) போதாவிட்டால் வரம்புக்கு உட்பட்டு உங்கள் மெடிசேவிலிருந்தும் கட்டலாம். தேதி குறிக்கும்போதே உத்தேசத் தொகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.