புது நன்னடத்தை அலுவலர்களுக்கு ட்ரெய்னிங்: கண்டிப்பா, கனிவா?

வணக்கங்க, தப்புப் பண்ணிச் சிக்கின பிள்ளைங்களை விசாரிச்சுத் திருத்த வழி பாக்குற நன்னடத்தை அலுவலர் வேலைக்கு வந்த உங்க பேட்ச்ல பாதிப் பேர் போலீஸ் மாதிரி மிரட்டுறாங்க, மீதிப் பேர் பாவம்னு விட்டுடுறாங்கன்னு எழுதியிருந்தீங்க, முதல் நாளே சட்டம் நடத்தாதீங்க, பேர் ஊர் மறைச்ச ஒரு கேஸைக் குடுத்து சமூக விசாரணை அறிக்கை (பிள்ளையோட குடும்பம், சூழ்நிலை பத்தின ரிப்போர்ட்) எழுத வைங்க, 2015 சிறார் நீதிச் சட்டப்படி அதுக்கு ரெண்டே வாரம்தான். ‘திருட்டுப் பய’ன்னு யாராவது எழுதினா அங்கேயே நிறுத்துங்க, பிள்ளைய இழிவுபடுத்துற வார்த்தையே கூடாதுன்னு 3வது பிரிவுல இருக்கு. அப்புறம் 18வது பிரிவு, தப்புப் பண்ணின பிள்ளைக்கு என்ன உத்தரவு போடலாம்னு சொல்றது: அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவைன்னு நிறைய வழி. செல்போன் பறிச்ச பையனை, பறிகொடுத்தவங்க பட்ட கஷ்டத்தைத் தன் வாயாலயே ஆபீசர் சொல்ல வைக்கணும், அதே வாரம் அவனை ஸ்கூல்ல திரும்பச் சேர்க்கவும் அவரே அலையணும், ரெண்டுமே ஒரே ஆளோட வேலைன்னு நடிச்சுப் பாத்தாத்தான் மண்டையில ஏறும். அவன் அம்மாகிட்ட எப்படிப் பேசுறதுன்னும் பழக்குங்க, ப்ளீஸ்.