குற்றாலம் போறோம்: அருவிப் படம் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

ஞாயிற்றுக்கிழமை குழுவோட குற்றாலம் வர்றவங்க கேட்டதுக்கெல்லாம் இங்கேயே சொல்லிடுறேன்.

அண்ணாச்சி, தண்ணி பால் மாதிரி விழணும்னா ஷட்டரை (கேமரா திறந்திருக்கிற நேரம்) எத்தனை செகண்ட் வைக்கணும்?

முழு செகண்ட் கணக்குக்கே போகாதீங்க தம்பி. மெயின் அருவியில நல்லா தண்ணி விழும்போது 1/8 செகண்ட், மிஞ்சிப்போனா 1/4 போதும். அதுக்கு மேல வச்சா மொத்தமும் ஒரே வெள்ளைப் பட்டையாயிடும். நடுவுல இருக்கிற பொங்குமாகடல்ங்கிற பள்ளத்துல விழுந்து எகிறி வர்ற வேகம் படத்துல இருக்காது. குற்றாலத்துக்குப் போய் அந்த வேகத்தை அழிச்சிட்டு வர எனக்கு மனசு வராது. 1/8-ல இழை இழையா பிரிஞ்சு நிக்கும். ஐந்தருவியில கிளைக்குக் கிளை தண்ணி அளவு மாறும். அஞ்சும் ஒரே ஃபிரேமுல வேணும்னா கனமா விழுற கிளையைப் பார்த்து ஷட்டர் வைங்க. ஒல்லியா வழியிற தண்ணிக்கு மட்டும் அரை செகண்ட், ஒரு செகண்ட் அழகு.

பகல்ல 1/4 வச்சா படம் வெளுத்துடுதே அண்ணா? என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) வாங்கட்டுமா?

முதல்ல ஐஎஸ்ஓ (கேமராவோட வெளிச்ச உணர்வு) 100, லென்ஸ் துவாரம் எஃப்11; எஃப் எண் கூடினா துவாரம் சின்னதாகும். எஃப்22 வரைக்கும் போனா கூர்மை குறையும். என்டி8 போட்டா 3 ஸ்டாப் குறையும்; ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது. 1/60 இருந்தது 1/8 ஆகும். சாரல் காலத்துல வானம் மூடியே கிடக்கும், அதுவே தாராளம். ஆனா ஒண்ணுதான் வாங்க முடியும்னா போலரைசர் (பளபளப்பை அடக்குற, திருப்பக்கூடிய ஃபில்டர்) வாங்கும்மா. மாட்டிக்கிட்டு மெதுவா திருப்பிப் பாரு: நனைஞ்ச பாறை மேல இருக்கிற வெள்ளைப் பளபளப்பு அடங்கி, அடியில இருக்கிற பாசிப் பச்சை மேல வரும். அந்த நிறத்தை அப்புறம் எடிட்டிங்ல கொண்டு வரவே முடியாது. 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சத்தையும் அதுவே குறைச்சிடும்.

லென்ஸ் மேல சாரல் அடிச்சா?

ஃபிரேம், ஃபோகஸ் எல்லாம் முதல்லயே முடிச்சிட்டு, லென்ஸைத் துணியால மூடி வைங்க. காத்து திரும்புற நேரம் துணியை எடுத்து, கிளிக், திரும்ப மூடு. கண்ணாடி துடைக்கிற துணி நாலஞ்சு கொண்டு வாங்க, ஒண்ணு நனைஞ்சா அவ்வளவுதான்.

சார், கூட்டத்துல டிரைபாட் விரிக்க முடியுமா?

சீசன்ல முடியாது சார். கைப்பிடிக் கம்பியில முழங்கையை ஊன்றி, ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைக் குறைக்கிற வசதி) போட்டு 1/8-ல நாலஞ்சு படம் அடிங்க, ஒண்ணு தேறும். பெண்கள் குளிக்கிற பக்கம் யாரும் கேமராவைத் திருப்பவே கூடாது. இதை நான் கண்டிப்பாவே சொல்றேன்.

மெயின் அருவியில தண்ணி ஆர்ச்சை (அங்கே இருக்கிற வளைவு) தொட்டு விழும்போது கிட்டப் போய் எடுக்கலாமா?

வேண்டாம். குளிக்கத் தடை போடுற நேரம் அது. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளத்துல 17 வயசுப் பையன் போயிட்டான். 70-200 லென்ஸ் (தூரத்துல இருக்கிறதைக் கிட்டக் காட்டுறது) போட்டு தூரத்துல நின்னு எடுங்க. ஆளே இல்லாத அருவி அன்னைக்குத்தான் கிடைக்கும்.

போன் மட்டும்தான் இருக்கு, வரலாமா?

தாராளமா வாங்க. ஐபோன்ல லைவ் போட்டோ எடுத்து, அப்புறம் லாங் எக்ஸ்போஷரா (தண்ணி பால் மாதிரி தெரியுற படமா) மாத்திக்கலாம். ஆண்ட்ராய்டுல ப்ரோ மோடு (ஷட்டரை நாமளே மாத்துற வசதி) இருந்தா அதுலயே 1/8 வச்சுப் பாருங்க; பகல்ல படம் வெளுத்தா லென்ஸ் முன்னால என்டி ஃபில்டரைப் பிடிங்க.