தண்ணீர் கேட்ட குழந்தை

அன்புள்ள ஐயா,

ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் பற்றிய ஐ.நா. அட்டவணை ஒன்றைப் பார்த்தேன். 1990இல் மலாவியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 240 பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. இன்று அது 40ஐ ஒட்டி இருக்கிறது. அதைவிட வருமானம் கூடிய, எண்ணெய் வளமுள்ள நைஜீரியா 210 அளவில் தொடங்கி இன்னும் 100க்கு மேல் நிற்கிறது. ஏழை நாடுகளுக்குள்ளேயே ஏன் இந்த வேறுபாடு? வெளிநாட்டு உதவியா? தாய்மார்களின் அறியாமைதான் அடிப்படைக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று, இப்படிக் காப்பாற்றிக்கொண்டே போனால் மக்கள்தொகை என்ன ஆகும்?

செ.

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு மாதமாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த இடத்தில் பெற்றோர் குறைவாகவே பெற்றுக்கொள்கிறார்கள். 1970களில் வங்கதேசத்தில் ஒரு பெண் சராசரியாக ஆறுக்கு மேல் பெற்றாள். இன்று இரண்டை ஒட்டி. குழந்தை சாவதை மக்கள்தொகைக் கணக்கில் வரவு வைக்கும் இந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் மனம் அப்படிப்பட்டதல்ல என்று எனக்குத் தெரியும்.

வெளிநாட்டு உதவிக்கு ஒரு வரி போதும். தடுப்பூசியும் கொசுவலையும் அந்தப் பணத்தில்தான் பெரும்பாலும் வந்தன. நைஜீரியாவுக்கும் வந்தன.

‘அறியாமை’ என்ற சொல்லைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

என் பாட்டி ஒன்பது பெற்றாள். நான்கு தங்கவில்லை. அதில் ஒருவன் ஒரு வயது முடிந்ததும் பேதியில் போனான். அவனுக்குப் பேசத் தெரிந்த சொற்கள் நாலைந்து, அதில் ஒன்று தண்ணி. போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டாதே, கொடுத்தால் இன்னும் போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். இரவு முழுக்க அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். உச்சிக்குழி உள்ளே இறங்கிவிட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை. பாட்டி எழுந்து பானை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். எண்பது வயதில் என்னிடம் இதைச் சொன்னபோதும், பானை வரை போனதை இரண்டு முறை சொன்னாள்.

இவளுக்கா அறியாமை? அவளைத் தடுத்தவர்களையும் என்னால் முழுதாகக் குறை சொல்ல முடியாது. குடலுக்கு ஓய்வு கொடு என்றுதான் அன்றைய மருத்துவமும் சொன்னது. ஆனால் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் நோயுற்ற குடலும் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். வாயால் குடிக்கும் கரைசலே காலரா நோயாளியைத் தேற்றும் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் 1968இல் டாக்காவில் காட்டினார்கள். 1971இல் வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்த மேற்கு வங்க எல்லை ஊரான பன்கானில், நரம்பில் ஏற்றும் திரவம் போதாமல் போனபோது, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் அந்தக் கரைசலைப் பெரிய பீப்பாய்களில் கலந்து நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது.

ஆனால் கண்டுபிடித்தால் மட்டும் அது பானை வரைக்கும் வந்துவிடாது. வங்கதேசத்தில் 1980இல் தொடங்கி பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாயின் கையாலேயே கரைக்க வைத்தார்கள். பத்து ஆண்டில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல். எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்று பார்த்துச் சம்பளம் தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குப் போய்க் கேட்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவு பணம். அவள் மறந்திருந்தால் குற்றம் சொல்லிக்கொடுத்தவருடையது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னும் கேளுங்கள். தொடக்கத்தில் தாய்மார்களுக்குப் பாடம் நினைவிருந்தது, ஆனால் பிள்ளைக்குப் பேதி வந்தபோது கரைத்துக் கொடுத்தவர்கள் சிலரே. நீங்களாக இருந்தால் அங்கேயே ‘அறியாமை’ என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பீர்கள். பிராக் அமைப்பினர் தங்கள் ஊழியர்களைப் பார்த்துக் கேட்டார்கள்: உங்களுக்குப் பேதியானால் என்ன குடிக்கிறீர்கள்? கரைசல் என்று சொன்னவர்கள் குறைவு. சொல்லிக்கொடுப்பவர்களுக்கே நம்பிக்கை இல்லை! ஆய்வு மருத்துவமனைக்கு அழைத்துப்போய், நோயாளிகள் பிழைப்பதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். தாயின் முன்னால் தாங்களும் ஒரு வாய் குடிக்கச் சொன்னார்கள். அப்புறம் ஆண்களைத் தேடிச் சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் போனார்கள். என் பாட்டியின் வீட்டில் பேச வேண்டியிருந்ததும் அவளிடம் இல்லை, தடுத்தவர்களிடம்தான்.

தாய் படித்த வீட்டில் குழந்தைகள் அதிகம் பிழைப்பதை மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் கால்டுவெல் 1979இல் எழுதினார். நீங்கள் கேட்கும் அதே நைஜீரியாவில் ஆராய்ந்துதான் எழுதினார். பாடப் புத்தகத்தில் பேதிக்கு மருந்து இருந்ததால் அல்ல. பள்ளிக்குப் போன பெண் மாமியாரை மீறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கக் கிளம்பினாள். அவள் சொல்லுக்கு வீட்டில் எடை வந்தது.

சரி, உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். எத்தியோப்பியா 2003இல் தொடங்கி முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சுகாதார ஊழியர்களாகச் சம்பளத்தோடு ஊர்களில் அமர்த்தியது. ருவாண்டா 1994இன் படுகொலைக்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் ஊராரே தேர்ந்தெடுத்த ஊழியர்களை வைத்தது. மலாவியும் இப்படித்தான், எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் 2011 முதல் வாழ்நாள் மருந்து என்றும் முடிவெடுத்தது. நைஜீரியா என்று ஒரே எண்ணாகப் பார்க்காதீர்கள். தென்மேற்கில் குழந்தைகள் எவ்வளவோ பிழைக்கிறார்கள், வடமேற்கில்தான் மடிகிறார்கள். அங்கே வாசல் வரை வருபவர்கள் குறைவு.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தீர்களா? இந்த நாடுகளில் பலவற்றில் இறப்புப் பதிவு சரியாக இல்லை. கணக்கெடுப்பவர் ஒரு பெண்ணின் எதிரே உட்கார்ந்து, பெற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்கிறார். உயிரோடு பிறந்து அப்புறம் இறந்த குழந்தை உண்டா? எத்தனை மாதத்தில்? நீங்கள் அறியாதவர்கள் என்று சொன்ன அந்தத் தாய்மார்களின் நினைவிலிருந்துதான் உங்கள் அட்டவணை வந்திருக்கிறது.

என் பாட்டியிடம் அப்படி யாரும் வந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒன்பது பெயரையும் வரிசையாகச் சொல்லியிருப்பாள்.