டேப்பெட் செட் பண்றப்ப இன்ஜின் ஒரே இடத்துல நிக்குதா?

அண்ணே, டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி பாக்க 5.9 கம்மின்ஸ் டீசல் இன்ஜின கையால சுத்துறப்ப ஒரு இடத்துல கல்லு மாதிரி நிக்குது, ராட்செட்ல பைப்ப மாட்டி இழுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேணாம்ணே. மொதல்ல டைமிங் பின், அதான் டிடிசி இடத்தக் காட்டுற சின்ன குச்சி, உள்ளயே தள்ளி இருக்கான்னு பாருங்க, டீசல் பம்புக்குக் கீழ கியர் ஹவுசிங் பின்பக்கம் இருக்கும், டிடிசி (பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம்) புடிச்சுட்டு அத வெளிய இழுக்க மறந்தா இப்படித்தான் நிக்கும், பலம் குடுத்தா பின்னு ஒடஞ்சிரும். நானே ஒருதடவ ஒடச்சவன்தான், அன்னிக்கு வாங்குன திட்டு இன்னும் காதுல கேக்குது.

பின் வெளிய இருந்தா அடுத்து கம்ப்ரெஷனான்னு பாக்கணும். கம்ப்ரெஷன்னா ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும், விடாம புடிச்சுட்டு கொஞ்ச நேரம் நின்னா உஸ்ஸுன்னு காத்து எறங்கி தானா வழிவிடும். டங்குன்னு நின்னா சிலிண்டர் உள்ள தண்ணியோ டீசலோ தேங்கியிருக்கலாம், இன்ஜெக்டர் 6ஐயும் கழட்டிட்டு சுத்துங்க, மூஞ்சிய தள்ளி வச்சுக்கங்க, ஏதாவது பீச்சுனா கோளாறு அந்த சிலிண்டர்லதான். அதுவரைக்கும் செல்ஃப் மட்டும் அடிச்சுறாதீங்க, பிஸ்டன தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சுரும்.

அப்புறம் ஃபேன புடிச்சு சுத்தாதீங்க, ஃப்ளைவீல் ஹவுசிங்ல பாரிங் டூல் (இன்ஜின கையால சுத்துற கருவி) போடவே ஓட்டை இருக்கு. பேட்டரி வயர கழட்டியாச்சுல்ல? எந்த சிலிண்டர் பீச்சுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.