கூட்டாளிப் படைகள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்வது எப்படி நடக்கிறது? பிறகு யாருக்குத் தண்டனை?

கேள்வியில் இரண்டு விடயம் இருக்கிறது. இவ்வளவு கருவி வைத்திருக்கும் படைகள் ஏன் தங்கள் பக்கத்து ஆட்களையே கொல்கின்றன? அதற்குப் பிறகு என்ன நடக்கும்? "பைலட் கவனயீனம்" என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். விசாரணை அறிக்கைகளைப் பார்த்தால் அந்தப் பதில் பாதியும் இல்லை. கடைசியாகப் பொத்தானை அழுத்தியவனுக்கு முன்னால் நாலைந்து இடத்தில் ஏற்கெனவே பிசகியிருக்கும். பெரும்பாலும் அது இரண்டு படைகள் ஒட்டும் இடத்தில்தான்.

வன்னியில் சத்தத்தை வைத்தே ஆட்லறியா மோட்டாரா என்று சொல்லும் சனம் நிறைய. சுடுபவன் பக்கத்துக் கணக்கு எங்கே பிசகும் என்பதைத்தான் ஆட்கள் குறைவாகப் பேசுவார்கள். கிளிநொச்சியையே எடுங்கள். அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகை 23 நிமிடம். கீழே நிற்பவர் "23.50 நிமிடம்" என்று றேடியோவில் கொடுக்கிறார். மேலே இருப்பவர் 23 நிமிடம் 50 செக்கன் என்று குத்துகிறார். 23.50 என்பது உண்மையில் 23 நிமிடம் 30 செக்கன். வித்தியாசம் 20 செக்கன்தானே என்று விட முடியாது. அகலக்கோட்டில் ஒரு செக்கன் கிட்டத்தட்ட 31 மீற்றர், ஆகவே இலக்கு 600 மீற்றருக்கு மேல் வடக்கே போய்விட்டது. ஆட்லறி, மோட்டார் விழும் இடத்துக்கு 600 மீற்றருக்குள் சொந்த ஆட்கள் நின்றால் தனி எச்சரிக்கை கொடுக்கவேண்டும் என்பது அமெரிக்கப் படைகளில் நெடுங்காலமாக இருந்த விதி. ஒரு புள்ளியை எப்படி வாசிப்பது என்ற குழப்பமே அந்த இடைவெளியை விழுங்கிவிடும்.

இன்னொன்று வரைபடம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய, மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவுத் தாள்கள் கந்தவல என்ற இலங்கைக்கான தொடக்க அளவை அடிப்படையில் வரைந்தவை. கையில் பிடிக்கும் ஜிபிஎஸ் வாங்கியபடி டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது அளவை அடிப்படையில் ஓடும். மாற்றாமல் ஒன்றின் பாகையை மற்றதில் குறித்தால் புள்ளி 200 மீற்றருக்கு மேல் விலகும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கும் நில அளவைக்காரருக்கும் இந்தத் தலையிடி தெரியும். இரண்டு நாட்டுப் படை ஒரே நிலத்தை இரண்டு தாளில் பார்க்கும்போது இதைத் தெரிந்தவன் அந்த நேரம் பக்கத்தில் இருக்கவேண்டுமே.

கருவியே மாட்டிவிட்ட சம்பவம் 2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தானில் கந்தஹாருக்கு வடக்கே. பின்னாளில் ஆப்கான் ஜனாதிபதியான ஹமீத் கர்சாயியோடு நின்ற அமெரிக்கச் சிறப்புப் படையணியின் வான்தாக்குதல் வழிகாட்டி இலக்கின் ஆள்கூறை எடுத்துவிட்டு ஜிபிஎஸ்ஸின் பற்றரியை மாற்றினார். அந்தக் கருவி திரும்ப இயங்கும்போது, கடைசியாகக் காட்டிய இலக்கைக் காட்டாது, தான் நிற்கும் இடத்தைத்தான் காட்டும். அந்த எண்கள் அப்படியே பி-52 விமானத்துக்குப் போயின. 900 கிலோ குண்டு சொன்ன இடத்தில் பிசகில்லாமல் விழுந்தது. மூன்று அமெரிக்கர்களும் கூட நின்ற ஆப்கானியர்களும் செத்தார்கள், கர்சாயிக்கும் காயம். குண்டிலோ விமானத்திலோ ஒரு பிழையும் இல்லை. பற்றரி மாற்றினால் எண்ணைப் புதிதாக எடு, சொன்ன எண்ணை மற்றவன் திருப்பிச் சொல்லட்டும், உன் சொந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பார். இந்த மூன்றையும் செய்ய ஒரு நிமிடம் போதும்.

வானத்தில் இப்படிச் சரிபார்க்கும் வேலையைச் செய்வது நட்பா பகையா என்று கேட்கும் கருவி. ஒரு பக்கம் குறியீட்டால் கேட்கும், மறுபக்கம் பதில் அனுப்பும். பதில் வந்தால் நம்மவன். வராவிட்டால் எதிரி என்று அர்த்தமில்லை, யாரென்று தெரியவில்லை என்றுதான் அர்த்தம். களத்தில் இந்த வித்தியாசம்தான் முதலில் மறந்துபோகும்.

1994 ஏப்ரல் 14, வட ஈராக்கில் ஈராக் விமானங்கள் பறக்கத் தடையிருந்த வலயம். இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் இரண்டு அமெரிக்க பிளாக் ஹோக் ஹெலிகொப்டர்களைச் சுட்டு விழுத்தின. உள்ளே பிரித்தானிய, பிரெஞ்சு, துருக்கி அதிகாரிகளும் குர்திஷ் ஆட்களும் இருந்தார்கள். 26 பேரும் இறந்தார்கள். எஃப்-15 கேட்ட குறியீடு 52. ஹெலிகொப்டர்கள் வைத்திருந்தது 42, அது அந்த வலயத்துக்கு வெளியே பாவிக்கும் எண். வலயத்துக்குள் எண்ணை மாற்றவேண்டும் என்பது தரைப்படை ஹெலிகொப்டர்களுக்குச் சொல்லப்படவேயில்லை. றேடியோ அலைவரிசையும் வேறு. இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டு விமானம் இடையில் வாய் திறக்கவில்லை. கண்ணால் பார்த்து உறுதிசெய்யப் போன பைலட்டுகளுக்கு, பக்கவாட்டில் பெரிய எரிபொருள் தாங்கி தொங்கிய ஹெலிகொப்டர் ஈராக் வைத்திருந்த ரஷ்யத் தயாரிப்பு ஹைண்ட் தாக்குதல் ஹெலிகொப்டர் போலத் தெரிந்தது.

2003 மார்ச்சில் குவைத் எல்லையருகே அமெரிக்க பேட்ரியட் வானெதிர்ப்பு ஏவுகணை பிரித்தானிய டொர்னாடோ போர்விமானத்தை விழுத்தி இருவரைக் கொன்றதும் இதே சாதிதான். விமானத்தின் பதில் கருவி பழுதாகியிருக்கக்கூடும் என்றது பிரித்தானிய விசாரணை. பேட்ரியட் அணியிடமும் ஒரு வகைக் குறியீடு ஏற்றப்படவில்லை. அணி தனித்து இயங்கியதால் வானில் யார் யார் பறக்கிறார்கள் என்ற முழுப் படம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வந்த விமானத்தை றேடாரைத் தேடி வரும் ஏவுகணை என்று கணினி வகைப்படுத்தியது. அந்த நிலையில் யோசிக்கக் கிடைப்பது சொற்ப நேரம்.

கண்ணை நம்பலாமா? 2003 மார்ச் 28, பஸ்ராவுக்கு வடக்கே பிரித்தானிய வாகனங்களின் மேலே நம்மவர் என்று காட்டத் தோடம்பழ நிறப் பலகை இருந்தது. அமெரிக்க ஏ-10 தாக்குதல் விமானங்களின் பைலட்டுகள் அதைக் கண்டார்கள். அந்தப் பக்கம் நம்மவர் யாரும் இல்லை என்று ஏற்கெனவே கேட்டிருந்ததால், கண்ட நிறத்தை ரொக்கற் என்று தங்களுக்குள் பேசியே முடிவுகட்டிச் சுட்டார்கள். ஒரு பிரித்தானிய வீரர் இறந்தார். 2014 ஜூனில் ஆப்கானிஸ்தானில் இதன் மறுபக்கம் நடந்தது. கீழே நின்ற அணியிடம் கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டும் அகச்சிவப்பு விளக்கு இருந்தது. மேலே பறந்த பி-1 விமானத்தின் இலக்குக் கமரா வெப்பத்தைக் காணும், அந்த விளக்கின் ஒளியைக் காணாது. விளக்குத் தெரியவில்லை, அதனால் நம்மவர் இல்லை என்று முடிவெடுத்தார்கள். ஐந்து அமெரிக்கரும் ஓர் ஆப்கான் வீரரும் இறந்தார்கள்.

தண்டனை பற்றி: கூட்டாளி நாடுகளுக்குள், கடமையின்போது நடந்ததற்குத் தன் சிப்பாயை முதலில் விசாரிக்கும் உரிமை அவனை அனுப்பிய நாட்டுக்கே. வேறு உறுப்பு நாட்டில் நிற்கும் படைகளின் சட்டநிலை பற்றிய 1951 நேட்டோ உடன்பாட்டின் 7ஆம் பிரிவும் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே செத்தவனின் நாடு கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. 2002 ஏப்ரலில் கந்தஹாருக்கு அருகே தார்னக் பண்ணையில் இரவுச் சூட்டுப் பயிற்சியில் இருந்த கனேடியர் மீது அமெரிக்க எஃப்-16 ஒன்று 225 கிலோ குண்டைப் போட்டது. நால்வர் செத்தனர், எட்டுப் பேருக்குக் காயம். பொறுத்திரு என்று கட்டுப்பாடு சொன்ன பிறகும் பைலட் தற்காப்பு என்று அறிவித்துப் போட்டார். கொல்லும் நோக்கமில்லாமல் மரணம் விளைவித்தது என்ற குற்றச்சாட்டில் தொடங்கிய வழக்கு 2004இல் கண்டனக் கடிதத்தோடும் 5,672 டொலர் சம்பளப் பிடிப்போடும் முடிந்தது. 1994 சம்பவத்தில் இராணுவ நீதிமன்றம் போனவர் கட்டுப்பாட்டு விமானத்தில் இருந்த ஓர் அதிகாரி மட்டும். அவரும் விடுவிக்கப்பட்டார். ஏ-10 சம்பவத்தில் விமானத்துக்குள் பதிவான ஒளிநாடாவைப் பிரித்தானிய மரண விசாரணையில் காட்ட அமெரிக்கா இழுத்தடித்தது. 2007இல் ஒரு பத்திரிகை அதை வெளியிட்டுவிட்டது. சட்டவிரோதக் கொலை என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பைலட்டுகள் அங்கே சாட்சி சொல்ல வரவில்லை.

இடையில் வேறு நாடு இல்லாவிட்டால் சுலபமா என்றால் அதுவும் இல்லை. 2019 பெப்ரவரி 27இல் காஷ்மீரின் புத்காமில் இந்திய விமானப்படை தன் ஏவுகணையாலேயே தன் எம்ஐ-17 ஹெலிகொப்டரை விழுத்தியது. உள்ளே இருந்த ஆறு பேரும் தரையில் ஒரு பொதுமகனும் இறந்தார்கள். அது எங்கள் பிழை என்று விமானப்படைத் தளபதி வெளிப்படையாகச் சொன்னது அந்த ஆண்டு ஒக்டோபரில்.