தங்கையின் மாத்திரை எனக்கு ஆகுமா?

கேள்வி: எனக்கு 48 வயது. ஆறு மாதமாக உடம்பு குப்பென்று சூடாகி வேர்க்கிறது, தூக்கமும் இல்லை. இதே தொல்லைக்கு என் நாத்தனாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. அதையே நானும் வாங்கிச் சாப்பிடலாமா? மாதவிடாய் நிற்கும் இந்த மெனோபாஸுக்கெல்லாம் ஆளுக்கு ஆள் தனி வைத்தியம் தேவையா?

பதில்: தயவுசெய்து அதைச் சாப்பிடாதீர்கள். ஆளுக்கு ஆள் தனி வைத்தியம் கட்டாயம் தேவை. நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே நிலையில் மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் இருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இப்போது வயது 52. எனக்கு இது 49 வயதில் ஆரம்பித்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறும். இரண்டு மூன்று நிமிடம்தான். ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் குளிரெடுக்கும். இரவில் ஐந்தாறு முறை எழுந்துவிடுவேன். இரண்டு மணிக்கு மாடிப்படியில் போய் உட்கார்ந்து விடியும்வரை இருந்த நாட்கள் உண்டு.

முதலில் பார்த்த டாக்டர், "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதாம்மா, கொஞ்ச நாள்ல போயிடும்" என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை எழுதினார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் போய்விடும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. அமெரிக்காவில் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வில், அடிக்கடி இந்தச் சூடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு வருடத்துக்கும் மேல் நீடித்திருக்கிறது. ஏழு வருடம் தூங்காமல் இருந்தபடி வேலைக்குப் போய், வீட்டையும் பார்க்க யாரால் முடியும்?

அந்தப் பொங்கலுக்குத் தங்கை வந்திருந்தாள். என்னைவிட மூன்று வயது இளையவள். அவளுக்கும் இதே தொல்லை இருந்து, மாத்திரையில் சரியாகியிருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது தன் மாத்திரை அட்டையைக் கத்தரியால் பாதியாக வெட்டி, நாள்காட்டித் தாளில் மடித்து என் கைப்பையில் வைத்தாள். "எனக்குப் பத்து நாள்ல நின்னுச்சுக்கா. நீயும் போடு." அவ்வளவு பாசமாக அவள் கொடுத்ததை இரண்டு வாரம் பையிலேயே வைத்திருந்தேன். தினமும் ராத்திரி அதை எடுத்துப் பார்ப்பேன். போடாமல் இருந்ததற்குக் காரணம், உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்திருந்தார் என்பது மட்டும்தான்.

அந்த டாக்டரம்மா அரை மணி நேரம் பேசினார். பரிசோதனைச் சீட்டு எதையும் எழுதுவதற்கு முன்னால் கேள்விகள்தான். கடைசியாக எப்போது பீரியட்ஸ் வந்தது, கர்ப்பப்பை இருக்கிறதா, எத்தனை பிரசவம், வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, ஒற்றைத் தலைவலி வருமா, பி.பி. எப்படி. அப்புறம், "பிரசவத்துக்கு அப்புறம் எப்பவாவது ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கா?" என்று கேட்டார்.

வீங்கியிருந்தது. இரண்டாவது பிரசவத்தில் சிசேரியன் முடிந்து பன்னிரண்டாம் நாள் இடது கெண்டைக்கால் கல் மாதிரி ஆகி, ரத்தம் உறைந்துவிட்டது என்று வயிற்றில் ஊசி போட்டுப் பல மாதம் மாத்திரை கொடுத்தார்கள். பிரசவக் கஷ்டத்தோடு அதுவும் ஒன்று என்று நினைத்து நான் மறந்தே போயிருந்தேன். சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் நாள்காட்டித் தாளைப் பிரித்துத் தங்கையின் அட்டையைக் காட்டினேன். அதைத் திருப்பிப் பின்பக்கம் இருந்த பெயரைப் படித்தார். "இது உங்க தங்கச்சிக்குச் சரியான மருந்து. உங்களுக்கு இல்ல" என்றார்.

அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை. தங்கைக்கு 44 வயதில் நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். இயல்பாக மெல்ல மெல்லக் குறைய வேண்டிய ஹார்மோன் அவளுக்கு ஒரே நாளில் நின்றது. அந்த வயதில் அப்படி நிற்பவர்களுக்கு எலும்பு தேய்வதும் இதய நோய் வருவதும் கூடுதல் என்பதால், வேறு தடை இல்லாவிட்டால் இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதுதான் முறை. கர்ப்பப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

எனக்குக் கர்ப்பப்பை இருக்கிறது. கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகத் தொடர்ந்து எடுத்தால் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். அதைத் தடுக்கக் கூடவே புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் வேண்டும். என் காலில் ஒன்றுமே இல்லாதிருந்தாலும் தங்கையின் மாத்திரை எனக்குத் தப்பான மருந்துதான். கால் விஷயத்தையும் சேர்த்தால் ஆபத்தே. வாய்வழி போகும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போகும்போது ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைக் கூட்டுகிறது. தோலில் தடவும் ஜெல்லில் இந்தச் சிக்கல் அப்படி இல்லை. ஆனாலும் ஏற்கெனவே ரத்தம் உறைந்த எனக்கு, ரத்தநோய் நிபுணரைக் கேட்காமல் அதையும் தொடங்க மாட்டேன், முதலில் ஹார்மோன் இல்லாத வழியைப் பார்ப்போம் என்றார்.

ஹார்மோன் இல்லாத மருந்திலும் ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்து குறைந்த அளவில் இந்தச் சூட்டுக்குக் கேட்கும். ஆனால் அது பி.பி.யைக் கொஞ்சம் ஏற்றக்கூடும், எனக்கோ பி.பி. விளிம்பில் நின்றது. என் பெரிய தொல்லை ராத்திரிதான் என்பதால் இரவில் மட்டும் காபாபென்டின் கொடுத்தார். நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற மருந்து அது. முதல் வாரம் காலையில் தலை கிறுகிறுத்தது. அளவை மெதுவாகத்தான் ஏற்றினார். ஒரு மாதத்தில் ஐந்தாறு முறை எழுந்தது ஒரு முறையாகக் குறைந்தது. பகலில் இன்னும் சூடு வருகிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் தூங்கி எழுந்தவளால் அதைத் தாங்க முடிகிறது.

இன்னொன்றையும் அவரேதான் கேட்டார். கீழே வறட்சி, எரிச்சல், அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன் உண்டா என்று. உண்டு. வருடத்துக்கு நாலு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் இதுவும் ஒன்று என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் வைக்கும் எஸ்ட்ரியால் க்ரீம் கொடுத்தார். எஸ்ட்ரியாலும் ஒருவகை ஈஸ்ட்ரோஜன்தான். ஆனால் க்ரீமில் அதன் அளவு மிகக் குறைவு, ரத்தத்தில் கலப்பதும் மிகச் சொற்பம் என்பதால் என்னைப் போன்றவர்களுக்கும் பொதுவாகக் கொடுக்கலாம் என்றார். நம்மில் எத்தனை பேர் இதை வாய்விட்டுச் சொல்கிறோம்? டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்த ஆசிரியையின் கதை வேறு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து, அது திரும்பாமல் இருக்க டமாக்சிஃபென் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு ஹார்மோன் ஆகாது. சூட்டுக்குக் கொடுக்கும் பாராக்சிடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தும் ஆகாது, ஏனென்றால் டமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதையே அது தடுத்துவிடும். எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய அதே வென்லாஃபாக்சின்தான் அவருக்குப் பொருந்தியது.

ஹார்மோன் என்றாலே கேன்சர் என்று சொல்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயம் 2002-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து பெரிதானது. 16,608 பெண்கள், சராசரி வயது 63. அதாவது பெரும்பாலோர் மாதவிடாய் நின்று பல வருடம் ஆனவர்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஹார்மோன், மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. ஹார்மோன் எடுத்த எல்லோருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு. ஹார்மோன் எடுத்தவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. அதே திட்டத்தில் கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தபோது மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இப்போது 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்குத் தொல்லை அதிகமாக இருந்து, வேறு தடையும் இல்லையென்றால், ஹார்மோனால் பொதுவாக நன்மைதான் கூடுதல் என்று மருத்துவச் சங்கங்கள் சொல்கின்றன. அந்த எட்டுப் பேரின் கணக்கைக் காட்டி என் தங்கையின் மாத்திரையை நிறுத்தச் சொன்ன உறவினர்கள் இருக்கிறார்கள். அவள் கேட்டு நிறுத்தியிருந்தால் அவள் எலும்புக்கு யார் பொறுப்பு?

தனி வைத்தியம் என்றதும், உமிழ்நீரைச் சோதித்து உங்களுக்காகவே கலந்து தரும் ஹார்மோன் என்று இணையத்தில் விற்கிறார்களே, அதைச் சொல்லவில்லை. இந்தக் கலவைகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2020-இல் அறிக்கையே கொடுத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி முழு ஹார்மோன் டெஸ்ட் எடுக்கவும் ஓடாதீர்கள். 45 தாண்டி, பீரியட்ஸ் தாறுமாறாகி, இந்தத் தொல்லைகளும் இருந்தால் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை பொதுவாக வேண்டியதில்லை. அதில் பார்க்கும் எஃப்.எஸ்.எச். என்ற, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனின் அளவு இந்தச் சமயத்தில் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். 40-க்குள் நின்றுவிட்டால்தான் அது வேறு விஷயம், கட்டாயம் சோதிக்க வேண்டும். உங்களுக்கு உதவக்கூடியது பி.பி., சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு. தைராய்டு கூடினாலும் இதே படபடப்பும் வேர்வையும் வரும். மார்பகத்துக்கு மேமோகிராம், எலும்புக்கு டெக்ஸா ஸ்கேன் எல்லாம் உங்கள் வயதையும் குடும்பத்தையும் பார்த்து டாக்டர் சொல்வார்.

டாக்டரிடம் போவதற்கு முன் மூன்று வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை முறை வேர்த்தது, ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள், எந்தத் தேதியில் ரத்தம் பட்டது. கடைசிப் பக்கத்தில் உங்கள் உடம்பின் பழைய கதை: ஆபரேஷன்கள், பிரசவங்கள், கால் வீக்கம், மஞ்சள் காமாலை, அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்ததா, சித்திக்குக் கேன்சரா, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், நாட்டு மருந்து, லேகியம் வரை. என் நோட்டில் அந்தக் கால் வீக்கம் இருந்திருக்காது. அதனால் உங்கள் வீட்டில் மூத்தவர்களிடமும் ஒருமுறை கேட்டு எழுதுங்கள். என் அம்மாவுக்கு அந்தப் பன்னிரண்டாம் நாள் அப்படியே நினைவிருந்தது.

ஒரு வருடம் முழுக்க நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். மறுபடி வயசு திரும்புகிறது என்று வீட்டில் சொன்னால் கேட்காதீர்கள்.

நாத்தனாரின் மாத்திரையை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிட்டு, அந்த அட்டையையே கையில் எடுத்துக்கொண்டு இந்த வாரத்திலேயே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அதற்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.